கிடந்து, இருந்து, நின்று, நடந்து... செவிலிமேட்டில் ஒரு கால் குணமான கதை!

காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவாசி போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் வந்துவிடும் செவிலிமேடு. முன்பு தனிப் பேரூராட்சி. இப்போது காஞ்சிபுரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் லட்சுமி நரசிம்மர் கோயில், இன்னொரு பக்கம் ராமானுஜர் தண்ணீர் எடுத்த சாலைக்கிணறு, கூப்பிடு தூரத்தில் ஓரிக்கை. நெசவாளர் வீடு இருக்கும் தெருவில் நுழைந்தால் 'டக்... டக்...' என்று தறிச் சத்தம் நம்மோடு கூடவே வரும்.

செவிலி என்றால் பெற்ற தாய்க்குப் பதிலாக இருந்து வளர்க்கும் தாய். மருத்துவமனையில் நம்மைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அக்காவையும் இன்று செவிலியர் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயர் கொண்ட ஊரில், கால் உடைந்த ஒருவர் நான்கு மாதங்களில் எழுந்து நடந்ததை வாரா வாரம் போய்ப் பார்த்தேன். அவர் என் சித்தப்பா. பட்டு நெசவாளர்.

காலால் வாழும் ஊர்

காஞ்சிபுரம் பட்டு என்றதும் நமக்குக் கைதான் நினைவுக்கு வரும். கைத்தறி என்றுதானே பெயர்? ஆனால் குழித்தறியில் உட்கார்ந்து பார்த்தால், பாதி வேலை காலுக்கு என்பது புரியும். நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் உள்ளே தொங்கவிட்டு, மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்கிறார். மிதித்தால்தான் பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரியும். பிரிந்தால்தான் நடுவில் நாடா ஓடும். கால் நின்றால் கையும் நிற்கும்.

தறி மட்டுமல்ல, இந்த ஊர் வாழ்க்கையே காலை நம்பித்தான் இருக்கிறது. தெருவில் இருந்து திண்ணைக்கு இரண்டு படி. வீட்டுக்குள் நுழைய ஒரு வாசற்படி. சாப்பிடுவது தரையில். பின்கட்டில் இருப்பது குத்தவைத்து உட்காரும் கழிப்பறை. கோயிலுக்குப் போனாலும் படிகள்தான். வரதராஜப் பெருமாளைச் சேவிக்க அத்திகிரி மேல் 24 படி ஏற வேண்டும்.

ஆவணி மாதக் கடைசியில், மழை நாளில் வண்டி சறுக்கி, சித்தப்பாவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு உடைந்தது. அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார்கள். "ஆறு வாரம் வலது காலைத் தரையில் ஊன்றவே கூடாது. அப்புறம் எக்ஸ்ரே பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தபோது தறியில் ஒரு சேலை பாதியில் நின்றிருந்தது. பெரிய கரை வைத்த கோர்வைச் சேலை. தை முகூர்த்தத்துக்கு வாங்கிய ஆர்டர், முன்பணமும் கை நீட்டி வாங்கியாகிவிட்டது. பாவு ஏற்றிய தறியை அப்படியே தூக்கி இன்னொருவர் வீட்டில் வைக்க முடியாது. சித்தப்பா கட்டிலில் படுத்தபடி தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வலியைவிட அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

ஊரே சொல்லிக்கொடுக்கும் பாடம்

காஞ்சிபுரத்தில் 14 திவ்ய தேசங்கள் இருக்கின்றன. பெருமாள் இங்கே எல்லாக் கோலத்திலும் இருக்கிறார். திருவெஃகாவில் கிடக்கிறார், பாடகத்தில் உட்கார்ந்திருக்கிறார், அத்திகிரியில் நிற்கிறார், ஊரகத்தில் காலைத் தூக்கி உலகை அளக்கிறார். வைகுண்டப் பெருமாள் கோயிலில் மூன்று தளங்களில் இருந்த, கிடந்த, நின்ற என்று மூன்று கோலங்களையும் ஒரே விமானத்தில் வைத்திருக்கிறார்கள். 2019-ல் குளத்தில் இருந்து எழுந்த அத்தி வரதரும் ஜூலை மாதம் முழுக்கப் படுத்திருந்துதான் ஆகஸ்ட் முதல் தேதியில் எழுந்து நின்றார்.

எங்களுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் தம்பி இதைத்தான் வேறு மாதிரி சொன்னார். "படுக்கிறது, உட்கார்றது, நிக்கிறது, நடக்கிறது. நாலும் தனித்தனிப் பாடம் சார். ஒண்ணை முடிச்சிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி உபகரணம் இருக்கு."

அந்த வரிசையிலேயே நாமும் போவோம்.

கிடந்த கோலம்: முதல் சில வாரங்கள்

சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது திருவெஃகா. இங்கே படுத்திருப்பவர் சொன்ன வண்ணம் செய்த பெருமாள். அரசன் தன் சீடன் கணிகண்ணனை நாடு கடத்தியபோது, திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். "நாங்கள் போகிறோம், நீயும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா" என்று பெருமாளையும் அழைத்தார். பெருமாளும் கிளம்பிவிட்டார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம்தான் ஓரிக்கை. பிறகு அரசன் மன்னிப்புக் கேட்க, ஆழ்வார் சொன்னபடி பெருமாள் திரும்பி வந்து படுத்துக்கொண்டார் என்பது புராணம்.

அடிபட்ட காலுக்கு முதல் பாடமும் அதுதான். சொன்ன வண்ணம் செய்வது. டாக்டர் படு என்றால் படுக்க வேண்டும், எழுந்திரு என்றால் வலித்தாலும் எழுந்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் எங்களுக்கு உதவியவை இவை:

* உயரமான கட்டில். பாயில் படுத்தால் எழுந்திருக்கவே முடியாது. கட்டிலில் உட்கார்ந்தால் நல்ல காலின் பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும். அதுதான் சரியான உயரம்.

* இரண்டு தலையணை. வீக்கம் குறைய, கால் நெஞ்சு மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். கெண்டைக்கால் நீளத்துக்கும் தலையணை கொடுத்து, குதிகாலை மட்டும் காற்றில் விட வேண்டும். குதிகால் நாள் முழுக்க அழுந்திக் கிடந்தால் புண் வந்துவிடும்.

* துணிச் சுருக்கு. கட்டிலில் காலை நகர்த்துவதுதான் பெரிய பாடு. பழைய அங்கவஸ்திரத்தை நீளமாக முறுக்கி, முனையில் பாதம் நுழையும் அளவுக்கு ஒரு வளையம் போட்டோம். பாதத்தை அதில் நுழைத்து, மறுமுனையைக் கையால் இழுத்து, காலை அவரே தூக்கி வைத்தார். கடையில் இதற்கென்றே பட்டை விற்கிறார்கள். வீட்டுத் துணியே போதும்.

* கட்டில் கயிறு. பழைய வேட்டியை முறுக்கிக் கயிறாக்கி, கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் கட்டினார் சித்தி. அதைப் பிடித்து இழுத்து எழுந்து உட்காரலாம். நூல் வேலை செய்யும் வீட்டில் முடிச்சுப் போடச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

* காலிங் பெல். வயர் இல்லாத சாதாரண பெல். பொத்தான் கட்டிலில், மணி சமையலறையில். இரவில் சித்தியைக் குரல் கொடுத்து எழுப்பக் கூச்சப்பட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தவர், பெல் வந்த பிறகுதான் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்.

* யூரின் பாட்டில். தூக்கக் கலக்கத்தில் எழுந்து விழுவதைவிட இது எவ்வளவோ மேல். பெண்களுக்கு ஏற்ற வடிவத்திலும் கிடைக்கிறது.

படுத்திருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சரி என்றால் மணிக்கொரு முறை செய்யுங்கள், ரத்த ஓட்டத்துக்கு நல்லது. சித்தப்பா அதற்கு ஒரு பெயர் வைத்தார்: 'வெறும் மிதி.'

இருந்த கோலம்: நாற்காலியில் கவனம்

பெரிய காஞ்சிபுரத்தில் பாண்டவ தூதப் பெருமாள் கோயில் இருக்கிறது. சுமார் 25 அடி உயரத்தில் கண்ணன் உட்கார்ந்த கோலம், நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். தூது வந்த கண்ணனைக் கவிழ்க்க, குழியை மூடி மேலே ஆசனம் போட்டு வைத்தானாம் துரியோதனன். கண்ணன் உட்கார்ந்ததும் ஆசனம் சரிந்தது. அவர் விஸ்வரூபம் எடுத்து நிமிர்ந்தார்.

நம்மால் விஸ்வரூபம் எடுக்க முடியாது. அதனால் உட்காரும் இடத்தை முதலிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். கால் உடைந்த வீட்டில் இரண்டாவது முறை விழுவது பெரும்பாலும் குளியலறையில்தான் நடக்கும் என்று பிசியோ தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார்.

முதல் பிரச்னை கழிப்பறை. குத்தவைக்க முடியாது. நம் வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுப் பயன்படுத்துவது வழக்கம். அதைச் செய்யாதீர்கள். ஓட்டை போட்டதும் நாற்காலி பலம் இழந்துவிடும். ஈர டைல்ஸில் அதன் கால்கள் விரியவும் செய்யும். இரும்புச் சட்டத்தில் கைப்பிடியோடு வரும் கமோடு நாற்காலி கடையில் கிடைக்கிறது. இந்திய டாய்லெட்டுக்கு மேலேயே அதை நிறுத்தி உட்காரலாம். நான்கு கால்களிலும் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும் வீடு என்றால், அதன் மேல் பொருத்தி உயரத்தைக் கூட்டும் சீட் போதும்.

முதல் நாள் அதில் தனியாகப் போய்விட்டுக் கதவைத் திறந்து வந்த சித்தப்பாவின் முகத்தை மறக்க முடியாது. "இனி யாரும் என் கூட வர வேணாம்மா" என்றார். ஒரு மனிதருக்கு மானத்தைத் திருப்பிக் கொடுத்தது அந்த இரும்பு நாற்காலி.

அடுத்தது குளியல். கால் அகன்ற குளியல் ஸ்டூல் ஒன்றை உட்கார வைத்தோம். இன்னொரு ஸ்டூலில் தண்ணீர் வாளி. வாளி தரையில் இருந்தால் குனிய வேண்டும், குனிந்தால் தடுமாறும். அடிபட்ட காலைப் பெரிய பிளாஸ்டிக் பையில் நுழைத்து, மேலே எலாஸ்டிக் போட்டு மூடினோம். கட்டு நனையக் கூடாது. நனைந்தால் காயட்டும் என்று விட்டுவிடாமல் மருத்துவமனையில் சொல்லிவிடுங்கள்.

சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அவசியம். டவல் கம்பியும் தண்ணீர்க் குழாயும் பிடித்து எழுவதற்கானவை அல்ல, சுவரோடு பெயர்ந்து வந்துவிடும். சுவரில் துளை போட்டு, ஆள் எடையைத் தாங்கும் கம்பியாகப் பொருத்துங்கள். வாடகை வீடாக இருந்தாலும் உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், கால் குணமான பிறகும் பயன்படும்.

உட்காரும் முறையும் முக்கியம். பின்னால் நகர்ந்து, நாற்காலி விளிம்பு காலில் தட்டிய பிறகே உட்கார வேண்டும். அடிபட்ட காலை முன்னால் நீட்டி, கைகளால் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக இறங்க வேண்டும். 'தொப்'பென்று விழக் கூடாது.

நின்ற கோலம்: வாக்கரும் ஒரு மஞ்சள் பையும்

நிற்கத் தொடங்கியதும் வீட்டுக்கு வாக்கர் வந்தது. இதன் உயரத்தைச் சரிபார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கும். உயரம் குறைந்தால் கூன் விழும், கூடினால் தோள் வலிக்கும். கைத்தடிக்கும் இதே அளவுதான்.

அக்குளில் வைக்கும் கட்டையாக இருந்தால், அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடையைக் கைதான் தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும்.

வாக்கர் வந்த பிறகுதான் இன்னொரு சங்கடம் தெரிந்தது. இரண்டு கையும் அதைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட எடுத்து வர முடியாது! சித்தி அதற்கு வழி கண்டுபிடித்தார். துணிக்கடை மஞ்சள் பையை வாக்கரின் முன் கம்பியில் கட்டிவிட்டார். அதில் மூடி இறுக்கமான தண்ணீர் பாட்டில், போன், மாத்திரை டப்பா, கண்ணாடி. பையில் கனம் ஏற்றக் கூடாது, முன்பக்கம் சாய்ந்துவிடும். அவ்வளவுதான் நிபந்தனை.

வீட்டையும் கொஞ்சம் மாற்றினோம். கால் மிதியடிகளைச் சுருட்டி எடுத்தோம். தரையில் ஓடிய சார்ஜர் வயரை அப்புறப்படுத்தினோம். கட்டிலில் இருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு போட்டோம். கீழே விழுந்ததை எடுக்க, நீளக் கைப்பிடியில் கவ்வி வைத்த குச்சி ஒன்று வாங்கினோம். பேத்திக்கு அது விளையாட்டுச் சாமான், தாத்தாவுக்கு மூன்றாவது கை.

அடிபட்டவர் வீட்டுப் பெண் என்றால் சமையலறையையும் யோசிக்க வேண்டும். அரிவாள்மனையை எடுத்து வைத்துவிட்டு, மேஜையில் கத்தி, பலகை. அடுப்பு உயரத்துக்கு ஏற்ற, சாய்மானமும் கைப்பிடியும் உள்ள உயர நாற்காலி. அடிக்கடி எடுக்கும் டப்பாக்கள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ரெண்டு மாசம் நீ சமைக்க வேண்டாம்' என்று சொல்லிச் செய்துகாட்டும் குடும்பம். அது எந்தக் கடையிலும் விற்பதில்லை.

மிதி அவளுக்கு, கரை எனக்கு

ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டத் தொடங்கியிருந்தது. இனி கொஞ்சம் எடை வைக்கலாம் என்றார் டாக்டர். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு? பிசியோ தம்பி எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, வாக்கரைப் பிடித்தபடி வலது காலை அதன் மேல் ஊன்றச் சொன்னார். டாக்டர் சொன்ன கிலோவுக்கு முள் வந்ததும் "இந்த அழுத்தத்தைக் காலில் ஞாபகம் வெச்சுக்கோங்க சார்" என்றார். மிதியின் அழுத்தத்தை வாழ்நாள் முழுக்க அளந்தவருக்கு அது உடனே பிடிபட்டது.

அதற்குள் ஐப்பசி பாதி போய்விட்டது. தறியில் சேலை அப்படியே இருந்தது. சித்திக்கும் நெய்யத் தெரியும். ஆனால் கோர்வைச் சேலையை ஒருவராக நெய்ய முடியாது. உடலும் கரையும் தனித்தனி நிறம் என்பதால் மூன்று நாடா ஓடும். ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ள, பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். முன்பெல்லாம் பிள்ளைகள் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் தொழில் கற்றார்கள். சித்தப்பாவும் சிறுவயதில் தன் அப்பா பக்கத்தில் அப்படி உட்கார்ந்தவர்தான்.

ஒரு நாள் அவரே சொன்னார். "கரை நாடா தள்றதுக்குக் கால் எதுக்கு? மிதி அவளுக்கு, கரை எனக்கு."

பிசியோ தம்பியைக் கேட்டு, தறிக்குப் பக்கத்தில் தடிமனான மரப்பெட்டி ஒன்றைப் போட்டோம். வலது காலை நீட்டி வைக்க, மெத்தை விரித்த சின்னப் பலகை. எழுந்திருக்க, பக்கத்தில் கனமான மர நாற்காலி. முதல் நாள் அரை மணி நேரம். கால் வீங்குகிறதா என்று பார்த்து, ஒரு வாரத்தில் ஒரு மணி நேரம். நடுநடுவே எழுந்து வாக்கரில் நாலு எட்டு. மற்ற நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தார் சுற்றினார். சேலை அங்குலம் அங்குலமாக நகர ஆரம்பித்தது.

வேலைக்குத் திரும்புவது என்றால் பழைய இடத்துக்கே திரும்புவது என்று நினைத்துக்கொள்கிறோம். பக்கத்து இடமும் இருக்கிறது. டெய்லருக்குக் காஜா எடுக்கும் இடம், கடைக்காரருக்குக் கல்லா, டீச்சருக்கு நாற்காலி போட்ட வகுப்பு. குணமாகும் காலத்தில் அந்தப் பக்கத்து இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் ஒரு மருந்துதான்.

நடந்த கோலம்: கைத்தடி எந்தக் கையில்?

பெரிய காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாள் சுமார் 35 அடி உயரத்தில் நிற்கிறார். ஒரு கால் தரையில், ஒரு கால் வானத்தில். வாக்கர் பிடித்த நாட்களில் ஒற்றைக் காலில் நின்று பழகியவர்களுக்கு, அந்தச் சந்நிதியில் கொஞ்சம் கூடுதலாகவே பக்தி வரும்!

மார்கழி பிறக்கும்போது சித்தப்பா கைத்தடிக்கு வந்திருந்தார். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். வலது காலில் அடி என்றால் தடி இடது கையில். எப்போதும் எதிர்ப்பக்கக் கை. அடிபட்ட காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். அப்போதுதான் எடை பங்காகும். அடிபட்ட பக்கமே தடியைப் பிடித்தால் உடல் அந்தப் பக்கமே சாய்ந்து, பாரம் கூடும்.

படிக்கட்டுக்கு ஒரே சூத்திரம்தான். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட காலும் தடியும் முதலில். ஒரு கை கைப்பிடிச் சுவரில். வாசற்படியைத் தாண்டுவதற்கும் இதே கணக்கு. வாக்கரை வைத்துக்கொண்டு மட்டும் மாடிப்படி ஏறவே கூடாது.

தடியின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கோடுகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். சின்னச் சாமான்தான், ஆனால் முழு உடலும் அதை நம்பித்தான் நிற்கிறது.

சித்தப்பாவின் முதல் வெளி நடை சாலைக்கிணற்றுக்கு. ராமானுஜர் காசி யாத்திரையின் நடுவில், தன்னைக் கொல்லச் சதி நடப்பதை அறிந்து, விந்திய மலைக் காட்டில் தனியாகத் தப்பி வழி தெரியாமல் நின்றார். அப்போது ஒரு வேடனும் வேட்டுவச்சியும் துணைக்கு வந்தார்கள். பொழுது விடியும் நேரத்தில் வேட்டுவச்சி தண்ணீர் கேட்க, அருகில் இருந்த கிணற்றில் இறங்கிக் கைகளால் மொண்டு கொடுத்தார். மூன்று முறை கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இருவரையும் காணோம். எதிரே காஞ்சிபுரம் கோபுரம் தெரிந்தது. வந்தவர்கள் வரதரும் பெருந்தேவித் தாயாரும் என்று உணர்ந்தவர், அதன் பிறகு தினமும் அந்தக் கிணற்றில் இருந்தே பெருமாளுக்குத் தண்ணீர் சுமந்தார் என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கிணறுதான் செவிலிமேட்டுச் சாலைக்கிணறு.

அவ்வளவு பெரிய ஆச்சாரியரே காட்டில் இன்னொருவர் காட்டிய வழியில்தான் நடந்து வந்திருக்கிறார். நாம் ஒரு கைத்தடியைப் பிடிக்க ஏன் வெட்கப்பட வேண்டும்? தெருவில் பார்ப்பவர்கள், "என்ன அண்ணே, தடி புடிச்சிட்டீங்க?" என்று கேட்டபோது சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். "தடி புடிச்சதாலதான்பா உன்னைத் தெருவுல பார்க்கறேன்."

அந்த மாதக் கடைசியில் டாக்டர் சம்மதித்தார். குழிக்குள் இறங்க ஒரு மரப்படி, பிடித்துக்கொள்ள மேலே உத்தரத்தில் இருந்து ஒரு கயிறு. வலது காலால் முதல் மிதி மிதித்தபோது, சித்தி கரைப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கடைசி இரண்டு முழமும் முந்தானையும் அவர் நெய்ததுதான். சேலை தை பிறப்பதற்கு முன்பே தறியில் இருந்து இறங்கியது.

செலவைக் குறைக்கும் வழிகள்

* வாக்கர், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி ஆகியவை மூன்று நான்கு மாதத் தேவைதான். மருத்துவ உபகரணக் கடைகள் பலவற்றில் வாடகைக்குத் தருகிறார்கள். உறவில், தெருவில் விசாரித்தாலும் யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும்.

* விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை மேல்மருவத்தூரில் தொடங்கியது. ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழைக்கும்போதே இதை நினைவில் வையுங்கள்.

* அறுவை சிகிச்சை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

* 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போங்கள்

விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ ஜில்லென்று ஆனால், மரத்துப்போனால், மாத்திரைக்கும் அடங்காமல் வலி கூடிக்கொண்டே போனால், கட்டில் இருந்து நாற்றமோ நீரோ வந்தால், காய்ச்சல் அடித்தால் தாமதிக்காதீர்கள். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் ரத்தக் கட்டியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கால் வலியோடு காஞ்சிபுரம் போகிறீர்களா?

சென்னையில் இருந்து சுமார் 75 கிலோமீட்டர். பேருந்து தவிர, கடற்கரை நிலையத்தில் இருந்து செங்கல்பட்டு வழியாக ரயிலும் உண்டு. ஒரே நாளில் எல்லாக் கோயிலும் பார்க்க ஆசைப்படாதீர்கள். காலையில் சின்ன காஞ்சிபுரம், மாலையில் செவிலிமேடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கோயில்களில் பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குமேல் திறப்பார்கள். வெயில் ஏறினால் கல் தரை சுடும், செருப்பில்லாமல் வேகமாக நடக்கத் தோன்றும், அப்போதுதான் தடுமாறும். அதனால் காலை முதல் தரிசனம் நல்லது. அபிஷேகத் தண்ணீர் நிற்கும் இடத்தில் கவனம். சக்கர நாற்காலி இருக்கிறதா என்று கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். தடியின் நுனியைக் கழுவித் துடைக்க ஒரு சின்னத் துணியைக் கையோடு கொண்டுபோங்கள்.

அத்திகிரியின் 24 படிகளும் இன்று வேண்டாம் என்று கால் சொன்னால், கீழே நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த முறை ஏறிக்கொள்ளலாம். வரதர் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பார்.